25ஜி லீஃப் ஸ்விட்ச்: எர்-டிசேபிள், நாட்கனெக்ட், பிஎக்ஸ்இ, விலேன் எல்லாம் ஒரே ரேக்கில்

ரேக்வாசி

வணக்கம். 48 × 25ஜி, 8 × 100ஜி போர்ட் உள்ள லீஃப் ஸ்விட்ச் (ரேக்கில் சர்வர்கள் நேரடியாக இணைவது) இரண்டு, எம்-லாக் ஜோடி (சர்வருக்கு இரண்டும் ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும்), அரிஸ்டாவின் இஓஎஸ் மென்பொருள். 9, 10 போர்ட்களில் பழைய ஸ்டோரேஜ் நோடுகள் 10ஜி-யில் நன்றாக ஓடுகின்றன. அதே ரேக்கில் புது சர்வர்களைச் சேர்த்ததும் இப்படி:

11, 12 – 1 மீட்டர் டாக் கேபிள் (இரு முனையிலும் பிளக் பொருத்திய செம்புக் கேபிள்), எர்-டிசேபிள் (பிழை கண்டு ஸ்விட்ச்சே போர்ட்டை மூடுவது) ஆகிவிடுகிறது.
17, 18 – 3 மீட்டர் டாக் கேபிள், நாட்கனெக்ட் (லிங்க் இல்லை).
21, 22 – எஸ்ஆர் (குறுந்தூர ஒளி) மாட்யூல், ஓஎம்4 (மல்டிமோட்) ஃபைபர். லைட் வருகிறது, லிங்க் வரவில்லை.
25, 26 – லிங்க் அப். ஆனால் சர்வர் பிஎக்ஸ்இ-யில் (நெட்வொர்க் வழியாக) பூட் ஆகவில்லை.
இதுபோக 120-ஆம் விலேன் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) எந்தப் புது சர்வருக்கும் போகவில்லை. மற்ற விலேன்கள் போகின்றன.

எல்லா போர்ட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட்தான். கேபிள் மாற்றிப் பார்த்தாச்சு, ஷட் / நோ ஷட் அடித்தாச்சு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாக்கெட்_பாண்டி

இது ஒரு கோளாறு இல்லைங்க, அஞ்சு. ஒரே நேரத்துல ஒரே டெம்ப்ளேட்ல வந்ததால ஒண்ணு மாதிரி தெரியுது. தனித்தனியா பிரிச்சுடுங்க, இல்லேன்னா ஒண்ணுக்குப் பண்ற வைத்தியம் இன்னொண்ணைக் கெடுக்கும்.

முதல்ல ஷட் / நோ ஷட்டை நிறுத்துங்க. அது சாட்சியத்தை அழிச்சுடும். ரெண்டு லீஃப்லயும் இதையெல்லாம் எடுத்துப் போடுங்க:

"ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்டிசேபிள்டு" – காரணம் கடைசிப் பத்தியில இருக்கும்.
"ஷோ ஹார்ட்வேர் ஸ்பீட்-குரூப் ஸ்டேட்டஸ்"
"ஷோ இன்டர்ஃபேசஸ் ஈதர்நெட் 17 ஃபை டீட்டெய்ல்", 21-க்கும் அதே.
"ஷோ இன்டர்ஃபேசஸ் ஈதர்நெட் 21 டிரான்ஸீவர்"
"ஷோ விலேன்", "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்", "ஷோ எம்லாக் கான்ஃபிக்-சானிட்டி"

சர்வர் பக்கம் நிக் (நெட்வொர்க் கார்டு) நிலையைக் காட்டுற "ஈத்டூல்" வெளியீடும் வேணும். லிங்க்குக்கு ரெண்டு முனை உண்டு, ஒரு முனையை மட்டும் பார்த்துச் சொல்ற பதில் பாதி ஊகம்தான்.

ரேக்வாசி

சுருக்கமாக:

11, 12: காரணம் ஸ்பீட்-மிஸ்கான்ஃபிகர்டு. 9 முதல் 12 வரை மூன்றாவது ஸ்பீட்-குரூப், அதில் செர்டெஸ் (தரவைத் தொடர் பிட்டுகளாக அனுப்பும் சுற்று) 10ஜி என்று இருக்கிறது.
17: டெம்ப்ளேட்டில் ஸ்பீட் 25ஜி என்று நிலையாகப் போட்டிருக்கிறது. சர்வரில் ஆட்டோநெக் (இரு முனையும் பேசி வேகத்தை முடிவு செய்வது) ஆன்.
21: ஆர்எக்ஸ் (வந்து சேரும் ஒளி) பவர் −2.8 டிபிஎம். ஸ்விட்ச்சில் எஃப்இசி (பெறும் முனையிலேயே பிட் பிழைகளைத் திருத்தும் முறை) ரீட்-சாலமன் வகை. சர்வரில் எஃப்இசி ஆஃப். ஃபை வெளியீட்டில் லோக்கல் ஃபால்ட்.
டிரங்கில் (பல விலேன்களைச் சுமக்கும் போர்ட்) 120 அனுமதிக்கப்பட்டிருக்கிறது. "ஷோ விலேன்" பட்டியலில் 120 இல்லை, இரண்டு லீஃபிலும்.

பாக்கெட்_பாண்டி

விலேன் 120-ஐ இப்பவே முடிச்சுடலாம். டிரங்க்ல அனுமதிக்கிறது வேற, விலேனை உருவாக்குறது வேற. "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவுடு விலேன்" வரியில எந்த எண்ணையும் போடலாம், ஸ்விட்ச் எதிர்ப்பே சொல்லாது. ஆனா அந்த விலேன் டேட்டாபேஸ்ல இல்லேன்னா ஃப்ரேம் அங்கேயே விழுந்துடும். ரெண்டு லீஃப்லயும் "விலேன் 120" உருவாக்குங்க. ஒண்ணுல மட்டும் உருவாக்கினா இன்னும் மோசம். சர்வர் பாண்டு (ரெண்டு நிக்கை ஒண்ணாக் கட்டினது) ஹாஷ் பண்ணி ரெண்டு லீஃபுக்கும் பிரிச்சு அனுப்புற ஃப்ளோல பாதி போகும், பாதி போகாது, அப்புறம் ஆளாளுக்கு அப்ளிகேஷனைச் சந்தேகப்படுவாங்க. பீர்-லிங்க்லயும் (ரெண்டு லீஃபுக்கு நடுவுல உள்ள இணைப்பு), ஸ்பைன் (லீஃப்களை இணைக்கிற மேல் ஸ்விட்ச்) வரைக்கும் லேயர் 2-னா அந்த அப்லிங்க்லயும் 120 இருக்கான்னு பாருங்க.

அப்லிங்க்ல சேர்க்கும்போது "அலவுடு விலேன் ஆட் 120"-னு அடிங்க. "ஆட்" விட்டுப்போனா பழைய பட்டியல் முழுசும் போய் 120 மட்டும் நிக்கும். அந்த ஒரு சொல் விடுபட்டா ரேக்கே இருட்டாயிடும். கை நேரா கான்ஃபிக் மோடுக்குப் போக வேண்டாம். "கான்ஃபிகர் செஷன்" திறங்க, "ஷோ செஷன்-கான்ஃபிக் டிஃப்ஸ்" பாருங்க, "கமிட் டைமர் 00:05:00" போடுங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள நீங்க திரும்ப உறுதிப்படுத்தலைன்னா தானா பழைய நிலைக்குப் போயிடும். ஜூனிப்பரோட ஜூனோஸ்ல இதுக்கு "கமிட் கன்ஃபர்ம்டு 5". சிஸ்கோவோட என்எக்ஸ்-ஓஎஸ்ல முன்னாடியே செக்பாயிண்ட் எடுத்து வைக்கணும், ரோல்பேக் நீங்களாத்தான் பண்ணணும்.

ஒளியிழை

11, 12 போர்ட்களின் காரணம் அந்த வெளியீட்டிலேயே இருக்கிறது. இந்த வகை ஸ்விட்ச்களில் 25ஜி போர்ட்கள் நான்கு நான்காக ஒரே செர்டெஸ் கடிகாரத்தைப் பகிர்கின்றன. 9, 10 இரண்டும் 10ஜி-யில் ஓடுவதற்காக யாரோ மூன்றாவது குரூப்பை 10ஜி ஆக்கியிருக்கிறார்கள். அதே குரூப்பில் உள்ள 11-இல் 25ஜி கேட்டால் வன்பொருளால் தர முடியாது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

இரண்டு வழிகள்தான். சர்வர்களை வேறு குரூப்புக்கு நகர்த்துங்கள், அல்லது ஸ்டோரேஜை நகர்த்துங்கள். "ஹார்ட்வேர் ஸ்பீட்-குரூப் 3 செர்டெஸ் 25ஜி" என்று மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்த நொடியே 9, 10 இரண்டும் விழும், ஸ்டோரேஜ் போய்விடும். இயங்கிக்கொண்டிருக்கும் 10ஜி-யைத் தொடாமல் புது சர்வர்களை 29, 30-க்கு மாற்றுவதே பாதுகாப்பானது. முதலில் எட்டாவது குரூப் 25ஜி-யில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனோஸ் ஓடும் க்யூஎஃப்எக்ஸ் 5120-48ஒய்-யிலும், டெல் ஓஎஸ்10 ஓடும் சில மாடல்களிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ஓஎஸ்10-இல் அதற்குப் பெயர் போர்ட்-குரூப். ரேக் வரைபடம் போடும்போதே 10ஜி சாதனங்களை ஒரு மூலையில் முழு நான்காக அடுக்கிவிட்டால் இந்தத் தொல்லை எழாது.

லூப்பேக்0

21, 22-க்கு எளிய வழி: ஸ்விட்ச்சிலும் எஃப்இசி ஆஃப் செய்துவிடுங்கள். லிங்க் உடனே வரும். ரீட்-சாலமன் 25ஜி-யில் சுமார் 250 நானோசெகண்ட் தாமதம் சேர்க்கிறது, அதுவும் மிச்சம். 17, 18-க்கும் அப்படியே செய்யலாம்.

ஒளியிழை

லிங்க் வரும், ஒப்புக்கொள்கிறேன். வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

25ஜி எஸ்ஆர் தரநிலை ரீட்-சாலமன் எஃப்இசி உண்டு என்ற அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. திருத்தத்துக்கு முன் பிட் பிழை விகிதம் 5 × 10⁻⁵ வரை இருக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. அந்த எல்லையில் ஓடும் லிங்க்கில் நொடிக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் பிட் பிழைகள் வரும். எஃப்இசி இருந்தால் அவை அனைத்தும் சத்தமில்லாமல் திருத்தப்படும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு சிஆர்சி (ஃப்ரேம் சரிபார்ப்பு) பிழை, ஒவ்வொன்றும் ஒரு டிசிபி மறுஅனுப்பல். நல்ல மாட்யூல், குறுகிய ஃபைபர் என்றால் இன்று தெரியாது. கனெக்டரில் தூசு ஏறியதும் தெரியும். 250 நானோசெகண்டை மிச்சப்படுத்திவிட்டு மறுஅனுப்பலில் மில்லிசெகண்டுகளை இழப்பது சரியான கணக்கு இல்லை.

டாக் கேபிளில் கதை வேறு. 25ஜி செம்புக் கேபிள் மூன்று தரங்களில் வருகிறது. சிஏ-என் என்றால் எஃப்இசி இல்லாமலே ஓடும். சிஏ-எஸ் என்றால் ஃபயர்-கோடு எஃப்இசி தேவை. சிஏ-எல் என்றால் ரீட்-சாலமன் தேவை, அதில் 5 மீட்டர் வரை போகலாம். 3 மீட்டர் கேபிள் இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், நீளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கேபிளின் ஈஈப்ராமில் தரம் எழுதியிருக்கும். "ஈத்டூல் -எம்" அதைக் காட்டும். சிஏ-எல் கேபிளில் எஃப்இசி-யை ஆஃப் செய்து ஓட்டினால் பிழைக் கவுண்டர் ஏறிக்கொண்டே இருக்கும்.

பாக்கெட்_பாண்டி

17, 18 பத்தி ஒண்ணு சொல்றேன். அங்க எஃப்இசி-க்கு முன்னாடியே கதவு சாத்தியிருக்கு. டாக் கேபிள்ல ரெண்டு முனையும் பேசிக்கிட்டு வேகம், எஃப்இசி, லிங்க் டிரெய்னிங் மூணையும் முடிவு பண்ணும். உங்க டெம்ப்ளேட் ஸ்பீடை பூட்டினதும் ஸ்விட்ச் பேச்சை நிறுத்திடுச்சு. சர்வர் நிக் பேச்சுக்காகக் காத்துக்கிட்டே இருக்கு. ரெண்டுமே 25ஜி-தான், ஆனா லிங்க் வராது.

டாக் போர்ட்ல "ஸ்பீட் ஆட்டோ 25ஜிஃபுல்" போடுங்க, எஃப்இசி வரியை எடுத்துடுங்க, சர்வர்லயும் ஆட்டோநெக் ஆன்லயே விடுங்க. எஃப்இசி தானா முடிவாகும். பூட்டித்தான் ஆகணும்னா ரெண்டு முனையிலயும் ஆட்டோநெக்கை ஆஃப் பண்ணி, ஸ்பீட், எஃப்இசி ரெண்டையும் கையால ஒரே மாதிரி போடணும். பாதி ஆட்டோ, பாதி பூட்டு, அதுதான் கூடாது.

ஃபைபர்ல நேர் எதிர். 25ஜி எஸ்ஆர்-ல பேச்சே கிடையாது. அதனால கையால ஒத்துப்போக வைக்கணும். ஸ்விட்ச்சை அப்படியே விடுங்க, சர்வர்ல "ஈத்டூல் --செட்-ஃபெக்" கட்டளையோட "என்கோடிங் ஆர்எஸ்" கொடுங்க. அதை நெட்வொர்க் கான்ஃபிக்லயும் எழுதி வைங்க. இல்லேன்னா அடுத்த ரீபூட்ல திரும்ப ஆஃப் ஆயிடும். ஆக டாக்குக்கு ஒரு டெம்ப்ளேட், ஃபைபருக்கு ஒரு டெம்ப்ளேட்னு பிரிச்சாகணும்.

ஒளியிழை

லோக்கல் ஃபால்ட், ரிமோட் ஃபால்ட் வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். லைட் இருந்தும் லிங்க் இல்லாதபோது இதைவிட நல்ல தடயம் கிடையாது.

லோக்கல் ஃபால்ட் என்றால் வந்து சேரும் சிக்னலை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று இந்த முனை சொல்கிறது. ரிமோட் ஃபால்ட் என்றால் எனக்கு எல்லாம் சரியாக வருகிறது, எதிர்முனைதான் பெற முடியவில்லை என்கிறது என்று பொருள். ஸ்விட்ச்சில் ரிமோட், சர்வரில் லோக்கல் என்றால் ஸ்விட்ச்சிலிருந்து சர்வருக்குப் போகும் இழை மட்டும் பழுது. அந்த ஓர் இழை, ஸ்விட்ச் மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும் பகுதி), சர்வர் மாட்யூலின் ஆர்எக்ஸ் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு முனையிலும் லோக்கல் ஃபால்ட், லைட்டும் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் எஃப்இசி அல்லது வேகம் பொருந்தவில்லை. உங்கள் 21 இந்த வகை. −2.8 டிபிஎம் ஆரோக்கியமான அளவு, ஃபைபரைத் தொட வேண்டாம். −30, −40 என்று காட்டினால்தான் லைட்டே இல்லை என்று அர்த்தம்.

ரேக்வாசி

நன்றி. சர்வர்களை 11, 12-லிருந்து 29, 30-க்கு மாற்றியதும் லிங்க் வந்தது. 17, 18 ஆட்டோவில் எழுந்துவிட்டது. 21, 22-உம் ஆர்எஸ் போட்டதும் வந்துவிட்டது. 120 விலேன் ஓடுகிறது.

25, 26-இல் பிஎக்ஸ்இ மட்டும் நிற்கிறது. சர்வரின் இரண்டு நிக்குகளும் இரண்டு லீஃபுகளுக்குப் போகின்றன, போர்ட்-சேனல் 25 (பல போர்ட்களை ஒன்றாகக் கட்டியது), எல்ஏசிபி (அந்தக் கட்டை இரு முனையும் பேசி உறுதி செய்யும் நெறிமுறை) ஆக்டிவ். ஃபால்பேக் (எல்ஏசிபி வராவிட்டாலும் போர்ட்டைத் திறப்பது) போட்டிருக்கிறோம். ஓஎஸ் ஏற்கெனவே உள்ள சர்வரில் பாண்டு சரியாக வருகிறது.

பாக்கெட்_பாண்டி

ஃபால்பேக் இருந்தும் ஏன் வரலைங்கிறதுக்கு நேரக் கணக்கு பாருங்க. பூட் ஆகுற நிக்குக்கு எல்ஏசிபி தெரியாது, வெறும் டிஹெச்சிபி-ல ஐபி முகவரி கேட்கும். போர்ட்-சேனல் எல்ஏசிபி பிடியு-வுக்காக (எல்ஏசிபி செய்திக்காக) காத்திருக்கும். ஃபால்பேக் டைம்அவுட் இயல்பா 90 நொடி. பிஎக்ஸ்இ-யோ 4, 8, 16, 32 நொடின்னு நாலு தடவை கேட்டுட்டு, மொத்தம் 60 நொடியில கைவிட்டுடும். ஸ்விட்ச் கதவைத் திறக்கும்போது சர்வர் போயிருக்கும்.

போர்ட்-சேனல்ல "போர்ட்-சேனல் எல்ஏசிபி ஃபால்பேக் டைம்அவுட் 5" போடுங்க. கூடவே "ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்" இருக்கணும். இல்லேன்னா லூப்பைத் தடுக்கிற ஸ்பானிங்-ட்ரீயில லிஸனிங் 15, லேர்னிங் 15, ஆக இன்னொரு 30 நொடி அங்க போயிடும். பிபிடியு கார்டையும் சேர்த்துப் போட்டா யாராவது தப்பா ஸ்விட்ச்சைச் சொருகினாலும் காப்பாத்தும்.

அடுத்தது நேட்டிவ் விலேன் (டேக் இல்லாத ஃப்ரேம் சேருற விலேன்). பிஎக்ஸ்இ டேக் இல்லாம வரும். ப்ரொவிஷனிங் விலேன்தான் டிரங்க்ல நேட்டிவா இருக்கணும். இயல்பா அது 1. 1-ல டிஹெச்சிபி ரிலே இருக்காது.

லூப்பேக்0

ஃபால்பேக் எந்த வகை என்று பாருங்கள், ஸ்டாட்டிக்கா இண்டிவிஜுவலா? இண்டிவிஜுவல் என்றால் உறுப்பு போர்ட்கள் போர்ட்-சேனலின் கான்ஃபிக்கை விட்டுவிட்டு ஈதர்நெட் 25-இல் தனியாக எழுதியதை எடுத்துக்கொள்ளும். அங்கே எதுவும் எழுதாவிட்டால் ஆக்சஸ் விலேன் 1-தான்.

ரேக்வாசி

இண்டிவிஜுவல்தான். ஈதர்நெட் 25-இல் சேனல்-குரூப் வரி தவிர வேறொன்றும் இல்லை.

பாக்கெட்_பாண்டி

லூப்பேக்0 சொன்னதுதான் விஷயம். ரெண்டு வழி: ஸ்டாட்டிக்குக்கு மாத்தினா போர்ட்-சேனல் கான்ஃபிக்கே பொருந்தும், ஒரே இடத்துல பராமரிக்கலாம். இல்லேன்னா ரெண்டு லீஃப்லயும் ஈதர்நெட் போர்ட்ல டிரங்க், நேட்டிவ் விலேன், போர்ட்ஃபாஸ்ட் மூணையும் திரும்ப எழுதணும். நான் ஸ்டாட்டிக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். ரெண்டு இடத்துல எழுதினது எப்பவாவது ஒரு இடத்துல மட்டும் மாறும்.

என்எக்ஸ்-ஓஎஸ் வச்சிருக்கிறவங்களுக்கு: அங்க எல்ஏசிபி வரலைன்னா போர்ட் இயல்பா சஸ்பெண்ட் ஆகும். போர்ட்-சேனல்ல "நோ எல்ஏசிபி சஸ்பெண்ட்-இண்டிவிஜுவல்" போடணும்.

ஓஎஸ் ஏறின பிறகு சர்வர்ல பாண்டிங் நிலைக் கோப்பைத் திறந்து பார்ட்னர் மேக் முகவரியைப் பாருங்க. எல்லாம் பூஜ்யமா இருந்தா ஸ்விட்ச்லேருந்து ஒரு பிடியு-கூட வரலைன்னு அர்த்தம். ரெண்டு நிக்குக்கும் அக்ரிகேட்டர் ஐடி வேற வேறயா இருந்தா எம்-லாக் எண் ரெண்டு லீஃப்லயும் ஒத்துப்போகலை, இல்லேன்னா கேபிள் வேற போர்ட்ல சொருகியிருக்கு. எல்எல்டிபி (எதிர்முனை எந்த சாதனம், எந்த போர்ட்னு சொல்ற நெறிமுறை) பார்த்தா தெரிஞ்சிடும். சில நிக்குல ஃபர்ம்வேரே எல்எல்டிபி-யை விழுங்கிடும். இன்டெல் எக்ஸ்710-ல "டிசேபிள்-எஃப்டபிள்யூ-எல்எல்டிபி" கொடியை ஆன் பண்ணணும்.

ரேக்வாசி

ஸ்டாட்டிக், டைம்அவுட் 5, நேட்டிவ் விலேன் மூன்றும் மாற்றியதும் பூட் ஆகிறது.

கடைசியாக ஒன்று. 22-இல் திருத்த முடியாத கோட்வேர்டு (எஃப்இசி ஒரே கட்டாகத் திருத்தும் பிட் தொகுதி) எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது, 21-இல் பூஜ்யம். கூடவே ஸ்பைன் பக்கம் 100ஜி அப்லிங்க்கில் சிஆர்சி பிழை தெரிகிறது. இரண்டும் தொடர்புடையவையா?

ஒளியிழை

22-இல் திருத்தப்பட்ட கோட்வேர்டு எண்ணிக்கை ஏறுவது இயல்பு. 25ஜி-யில் பயன்படும் ரீட்-சாலமன் ஒரு கோட்வேர்டில் ஏழு குறிகள் வரை திருத்தும், அதற்குத்தான் அது இருக்கிறது. திருத்த முடியாதது ஏறுவது இயல்பல்ல. லிங்க் அப் என்று காட்டுகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

முதலில் இரண்டு முனைக் கனெக்டரையும் க்ளிக் க்ளீனரால் துடைத்து, ஃபைபர் ஸ்கோப்பில் முகப்பைப் பாருங்கள். மாட்யூலின் உள்வாயையும் துடைக்க வேண்டும். அதை மறந்தால் துடைத்த கனெக்டரில் மறுபடியும் அழுக்கு ஏறும். பிறகு கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் காத்திருங்கள். இன்னும் ஏறினால் ஸ்விட்ச் பக்கம் 21, 22 மாட்யூல்களை மட்டும் இடம் மாற்றுங்கள், ஃபைபர் அப்படியே இருக்கட்டும். பிழை 21-க்கு நகர்ந்தால் மாட்யூல் பழுது. 22-லேயே நின்றால் ஃபைபர் அல்லது சர்வர் மாட்யூல். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் லிங்க் சரியாகலாம், எது கெட்டது என்பது தெரியாது. பிறகு பழுதான மாட்யூல் உதிரிப் பெட்டிக்குப் போய் வேறொரு ரேக்கில் தலைதூக்கும்.

பாக்கெட்_பாண்டி

சிஆர்சி-க்கு வர்றேன். தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். லீஃப் கட்-த்ரூ முறையில ஓடினா ஃப்ரேமோட தலைப்பைப் பார்த்ததுமே வெளிய அனுப்ப ஆரம்பிச்சுடும். சிஆர்சி ஃப்ரேமோட வால்ல இருக்கு. அது தப்புன்னு தெரியுறப்போ பாதி ஃப்ரேம் அப்லிங்க்ல போயாச்சு, திரும்பப் பிடிக்க முடியாது. அதனால ஸ்பைன்லயும் அதே ஃப்ரேம் பிழையா எண்ணப்படும். அப்லிங்க் மாட்யூலை மாத்திட்டு வந்து பார்த்தா எண்ணிக்கை அப்படியேதான் ஏறும்.

ஒரு எச்சரிக்கை: 25ஜி-லேருந்து 100ஜி-க்குப் போறப்போ பல ஸ்விட்ச்கள் முழு ஃப்ரேமையும் வாங்கித்தான் அனுப்பும், அப்போ கெட்ட ஃப்ரேம் லீஃப்லயே விழுந்துடும். அதனால ஊகிக்காதீங்க, எண்ணிக்கையைப் பாருங்க. ரெண்டு லீஃப், ஸ்பைன் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல கவுண்டரை க்ளியர் பண்ணுங்க. பத்து நிமிஷம் கழிச்சு "ஷோ இன்டர்ஃபேசஸ் கவுண்டர்ஸ் எரர்ஸ்" எடுங்க. லீஃபோட 22 உள்வரவுல ஏறின எண்ணும் ஸ்பைன்ல ஏறின எண்ணும் சேர்ந்தே நகர்ந்தா மூலம் 22. ஸ்பைன்ல மட்டும் ஏறினா, லீஃபோட சர்வர் போர்ட் எதுலயும் உள்வரவுப் பிழை இல்லேன்னா, அப்போ அந்த 100ஜி லிங்க்கேதான் குற்றவாளி. அதுல எஃப்இசி கவுண்டரை ரெண்டு முனையிலயும் பாருங்க. எஸ்ஆர்4 மாட்யூல்னா ரீட்-சாலமன் இருக்கணும், எல்ஆர்4-க்குத் தரநிலைப்படி எஃப்இசி தேவையில்லை. ஒரே ஸ்விட்ச்ல ரெண்டு வகையும் கலந்திருந்தா, ஒண்ணோட கான்ஃபிக்கை இன்னொண்ணுக்கு நகல் எடுத்துப் போட்டிருக்காங்களான்னு முதல்ல அதைப் பாருங்க.